ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம்

அத்தியாயம் ஒன்பது

பல் டாக்டர் சொன்ன ‘மன்னிச்சுட்டேன்’ ஒரு பொய்ப்பல். அளவு சரியாக இருந்தது. வெள்ளையாக இருந்தது. ஆனால் அது அந்த வாயில் முளைத்தது இல்லை.

“கேஸை மூடிடுங்க மேடம். எத்தனை நாள்தான் இதையே மென்னுட்டு இருக்கறது?” டாக்டர் ஃபைலை மேஜையில் தள்ளி வைத்தாள்.

காலை ஒன்பதரை மணி வெயில் கிளினிக் ஜன்னலில் ஏறி, தட்டில் அடுக்கியிருந்த இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தது.

சர்வேயர் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து ‘இது விபத்தா, வேலையா’ என்று எழுதிக் கொடுத்தவர் அவர். வேலையை விட்ட பிறகும் பெயர் அவரை விடவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த பின்னும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். பின்னால் நின்ற உதவியாளன் பழைய ஆம்புலன்ஸ் டிரைவர். எதைக் கேட்டாலும் நாக்கால் உச்சுக் கொட்டுவான். ஐம்பது வயதாகியும் அவனுக்கு உச்சு என்றே பெயர்.

“உச்” என்றான் இப்போதும். “டாக்டர், மன்னிச்சவங்க முகம் துவைச்சுக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கும். உங்க முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே.”

“நேத்து நல்லா தூங்கினேன். அதான்.”

ஏழு மாதமாக அவள் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவளும் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவனும் சேர்ந்து ஒரு மாடி வீடு வாங்கினார்கள். ‘சாவியைத் திருப்புங்கள், சோபாவில் உட்காருங்கள். ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம்’ என்று விளம்பரம். குடிபோன பதினோராம் நாள், ஈரத்துண்டைக் காயப்போட மாடி பால்கனிக்குப் போனான் கணவன். பால்கனி, மேஜையிலிருந்து நழுவிய தட்டு போல அவனையும் எடுத்துக்கொண்டு கீழே போனது. உயிர் தப்பியது. வலது கையில் நான்கு விரல்கள் நசுங்கின. தலைமுடி பருமனுள்ள ஸ்பிரிங்கை எடுத்து வைத்த விரல்கள்.

விற்றவர், பழைய வீடுகளை வாங்கி, மினுக்கி, விற்கிறவர். தொழிலில் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். எல்லாம் தரகர் மூலம். வாங்கியவர்கள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. விழுந்த துண்டுகளை மறுநாளே ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. வக்கீல் கடிதம் மட்டும் வந்தது: ‘ஒப்படைத்தபோது வீடு நல்ல நிலையில் இருந்தது. அதில் குறை ஏதும் எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியாது.’

அந்தக் கடைசி வார்த்தைதான் சுவர். சாவிக்காரருக்கு முன்பே தெரியும் என்று நிரூபிக்காவிட்டால் கேஸ் நிற்காது. பெயர் மாற்றி ஒளிந்திருந்த மனிதரைச் சர்வேயர் கண்டுபிடித்து, வீடு, புதுக் கம்பெனி, குடும்பம் எல்லாம் எழுதி இரண்டு மாதம் முன்பே அறிக்கை கொடுத்துவிட்டார். நிரூபணம்தான் கிடைக்கவில்லை.

“சரிம்மா. உங்க இஷ்டம். ஃபைல் திரும்பி வந்ததுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க” என்றார் சர்வேயர்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டாள். சர்வேயர் பேனாவைப் பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்த கட்டைவிரலைப் பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் உச்சு வேன் கதவைத் திறந்தான். “என்ன மேடம், முகத்துல இவ்ளோ யோசனை?”

“ஒரு நாளைக்கு நாப்பது தடவை கை கழுவுற பொம்பளை. நகத்துக்குள்ள பெயிண்ட்.”

“வீட்டுல ஏதாவது ஸ்டூலுக்கு அடிச்சிருப்பாங்க.”

“வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம ஒரு கலர். பழைய பல்லு கலர். இதை நீ எங்க பாத்திருக்க?”

உச்சு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். தாளம் பாதியில் நின்றது. “சாவிக்காரர் வித்த ஒம்போது வீட்டுலயும். எல்லாத்துக்கும் ஒரே பூச்சு. விரிசலை மறைக்க அந்தக் கலர்தான் தோது.”

“மன்னிச்சவங்களுக்கு எதிரியோட பெயிண்ட் எதுக்கு?”

“உச்.”

“கொட்டினது போதும். வண்டியை எடு.”

வீடு ஒரு சாய்வான தெருவின் கடைசியில் இருந்தது. டாக்டரும் கணவனும் விபத்துக்குப் பிறகு கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். இந்த வீடு பூட்டியே கிடந்தது. இன்று பூட்டு இல்லை. மாடியில், பிய்ந்து போன இடத்தில், பால்கனி பழையபடி நின்றது, ஏதோ கனவில் நடந்ததைச் சொல்லி ஊரார் அழுதார்கள் என்பது போல. வாசலில் ஒரு பலகை.

உச்சு வாசித்தான். “உடனே குடியேறலாம். ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம்.” திரும்பிப் பார்த்தான். “மேடம், இது அந்த ஆளோட வசனம். ஒரு எழுத்து மாறலை.”

பலகையின் குறுக்கே சிவப்பு நாடா: ‘பேசி முடிந்தது.’

மாடிப் படுக்கையறையில் ஒரு மனிதர் பால்கனிக் கதவோரம் கரண்டியால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். கண் இமைவரை வெள்ளைத் தூசு. சுவர்களுக்கு முகப்பூச்சு போடுகிறவர் என்பதால் பவுடர் என்று பெயராம், அவரே சொன்னார்.

“யாரு, வாங்கறவங்களா? செவுத்துல சாயாதீங்க, ஒட்டிக்கும்.”

“வேலை அருமையா இருக்கே. ஒட்டுப்போட்ட தடமே தெரியலை” என்றார் சர்வேயர்.

பாராட்டு பவுடருக்குள் சாவி போல நுழைந்தது. “தெரிஞ்சா நான் எதுக்கும்மா? இந்த வீட்டுக்கு நான் ரெண்டாம் தடவை மேக்கப் போடறேன். முதல் தடவை சாவிக்காரருக்கு. பத்து நாள்ல கிழவியைக் கல்யாணப் பொண்ணாக்கணும்னாரு. இந்தப் பால்கனிக் கம்பியெல்லாம் துருவேறி, தொட்டா பொரிகடலைத் தோல் மாதிரி உதிருது. சொன்னேன். ‘உன் வேலை பூசறது, பேசறது இல்ல’ன்னாரு. பூசிட்டேன்.”

சர்வேயர் பேனாவை எடுத்தார். “இதை எழுதிக் குடுப்பீங்களா?”

“நல்லா இருக்கே! பூசினவன் நானு. எழுதிக் குடுத்தா முதல்ல உள்ள போறது யாரு? நான் ஒண்ணும் சொல்லலை, நீங்க ஒண்ணும் கேக்கலை.”

“அது விழுந்துச்சு, தெரியுமா?”

“கேள்விப்பட்டேன். யாருக்கோ கைல லேசா அடின்னாங்க.”

உச்சு வாயைத் திறந்தான். சர்வேயர் கண்ணாலேயே மூடினார்.

“இப்ப டாக்டரம்மா என்ன வேலை குடுத்தாங்க?”

“அதாம்மா வேடிக்கை. எவனோ முன்னாடியே வந்து பால்கனி மேடையை ஏத்திட்டுப் போயிட்டான். மேல்பூச்சு மட்டும் நான். ‘போன தடவை எப்படிப் பூசினீங்களோ அப்படியே பூசுங்க, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்’னாங்க. கூட நின்னு அவங்களே ஒரு கை பெயிண்டும் அடிச்சாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. ‘வாங்கற பொண்ணோட அப்பா வீட்டு வியாபாரம். அவரு வந்தா, என்ன வேலை பண்ணினீங்கன்னு பெருமையா சொல்லுங்க’ன்னு.”

“வாங்கறது யாரு?”

“சின்னஞ்சிறுசுங்க. மாப்பிள்ளைப் பையன் ஸ்கூல் வாத்தியாரு. அப்பா ஒரு தடவை பாத்துட்டா இன்னைக்கே கையெழுத்து. பதினோரு மணிக்கு வர்றாங்க.”

சர்வேயர் மெல்லக் கேட்டார். “உச்சு. நம்ம அறிக்கைல மூணாம் பக்கம் என்ன எழுதினோம்?”

“சாவிக்காரருக்கு ஒரே பொண்ணு. மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியாரு. மாமனார்கிட்ட ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத ரோஷக்காரரு. மாமனாருக்கும் அவரைக் கண்டா ஆகாது. அவருக்குத் தெரியாம ரெண்டு பேரும் சொந்தமா வீடு...” அவன் நிறுத்தினான். உச்சுக் கொட்ட மறந்து போனான். “மேடம். நாமதான் அந்தப் பொண்ணோட விலாசத்தை எழுதிக் குடுத்திருக்கோம்.”

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது.

சர்வேயர் படியை நோக்கித் திரும்பினார். படியின் உச்சியில் பல் டாக்டர் நின்றிருந்தாள். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“நகத்தைப் பாத்துட்டீங்க இல்ல?” என்றாள். “பாத்தப்பவே நினைச்சேன்.”

“வழி விடும்மா. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணினா?”

“ஒண்ணும் பண்ணலை. என் வீட்டுக்காரரும்தான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலை.”

“டாக்டர்!” உச்சு படியை நோக்கி ஓரடி வைத்தான். “நான் பதினெட்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவன். விழுந்தவங்களை அள்ளிப் போட்டவன். சொன்னா கேளுங்க...”

“பொறு” என்றார் சர்வேயர்.

அவர் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் கணவன் இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, நேராகப் பால்கனிக்கு அடியில் போட்டு, அதில் உட்கார்ந்தான். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். வெயில் அவன் முழங்காலோடு நின்றது. முகத்தில் பால்கனியின் நிழல்.

சர்வேயர் பவுடரின் கரண்டியை வாங்கினார். பால்கனி விளிம்பில் குனிந்து, மரப்பிடியால் இரண்டு தட்டு தட்டினார். நிமிர்ந்தார்.

“உச்சு, நாம பக்கத்து வீட்டுக்காரங்க. சும்மா பாக்க வந்தோம். வாயைத் திறந்தா இன்னைக்கோட உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“மேடம்!”

“செவுத்துல சாய்ஞ்சு நில்லு.”

டாக்டர் சர்வேயரை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு பவுடரோடு கீழே இறங்கிப் போனாள்.

படி வழியாகப் பேச்சு ஏறி வந்தது. முதலில் மகளின் குரல்: “கண்ணைத் திறங்க அப்பா. இதுதான். எப்படி இருக்கு?”

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“இதுவா? இது வேண்டாம்மா.”

“உள்ளயே வரலையேப்பா.”

“தெரு சரியில்லை. மழை பெஞ்சா தண்ணி நிக்கும்.”

“சாய்வுத் தெரு மாமா. தண்ணி எப்படி நிக்கும்?” இது மாப்பிள்ளை.

“வெயில் அடிக்கும். கொசு. எதிர் வீட்டு நாய் குலைக்கும்.”

“எதிர் வீட்டுல நாயே இல்லைங்களே” என்றது டாக்டரின் குரல், தேனில் தோய்த்த ஊசி போல. “வாங்க சார். சாவியைத் திருப்புங்க, சோபாவுல உக்காருங்க. ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம்.”

இளையவர்கள் முன்னால் ஏறினார்கள். கீழ்ப்படியில் பவுடரின் அடங்கிய குரல் உச்சுவின் காதில் விழுந்தது. “ஐயா, என்னை ஞாபகம் இருக்கா? பால்கனி மேல நம்ம பழைய பூச்சேதான். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. ஒரு சிட்டிகை மாத்தலை.”

சாவிக்காரர் படுக்கையறைக்குள் வந்தபோது அவர் முகமும் அந்தப் பூச்சு நிறத்தில் இருந்தது. பெரிய உடம்பு, நல்ல சட்டை, பளபளத்த காலணி. சுவரோரமாகவே நடந்து, கதவிலிருந்து எட்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மகளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். “அப்பா, இதைப் பாருங்க, ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு.”

மாப்பிள்ளை பால்கனிக் கதவைத் திறந்தான். வெளிச்சம் அறைக்குள் கொட்டியது. அவன் வெளியே போனான்.

உச்சு சுவரில் முதுகை அழுத்திக்கொண்டான். டாக்டர் சாவிக்காரரின் வாயையே பார்த்தாள், ஒரு நோயாளியின் வாயைப் பார்ப்பது போல.

வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து தெருவைப் பார்த்தான். குதிகாலில் ஒரு முறை எழும்பி இறங்கினான். “காத்து அள்ளிட்டுப் போகுது! மாமா, இங்க வந்து பாருங்களேன்.”

சாவிக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார். தன் காலணியைப் பார்த்தார்.

“இல்ல மாப்பிள்ளை” என்றார். “நீங்க பாருங்க.”

மாப்பிள்ளை சிரித்தான். மாமனார் அவனிடம் இவ்வளவு பதமாகப் பேசியதே இல்லை. நிதானமாக அந்தக் கோடிக்கு நடந்தான், இந்தக் கோடிக்குத் திரும்பினான். எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது.

“நானும் வர்றேன், இருங்க” என்று மகள் அலமாரியை மூடிவிட்டு வாசற்படியில் கால் வைத்தாள்.

“போகாதே!” சாவிக்காரர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். “போகாதேம்மா! அதுக்குள்ள கம்பியே கிடையாது! அப்பவே எல்லாம் துரு! வெறும் பூச்சு! விழுந்துரும்!”

மாப்பிள்ளை வெளியே அப்படியே நின்றான், ஒரு கை கைப்பிடியில்.

மகள் தன் கையைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். மெதுவாக ஒரு கணக்கு அவள் கண்ணுக்குள் கூடிக்கொண்டிருந்தது.

“அவரு அங்கதானே நிக்கறாருப்பா” என்றாள்.

“அது... நான்...”

“எவ்வளவு நேரமா நிக்கறாரு. நீங்க கூப்பிடலையே.”

“நாப்பத்தொரு செகண்ட்” என்று பால்கனிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்காலி நகர்ந்தது. காலடி படியேறியது. டாக்டரின் கணவன் அறைக்குள் வந்தான். இடது கையில் ஓடாமல் நிறுத்திய ஒரு கடிகாரம். “அவர் கதவைத் தாண்டினதுலேர்ந்து நீங்க கத்தினது வரைக்கும். என் கடிகாரம் பிசகாது சார். அதைத் திறந்து சரி பண்ணத்தான் இப்ப முடியலை.”

வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். பவுடர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் கரண்டி தரையில் விழுந்தது. “லேசா அடின்னு சொன்னாங்களே” என்று யாரிடமோ சொன்னார்.

டாக்டர் சாவிக்காரரின் எதிரே வந்து நின்றாள். “ஏழு மாசம் முன்னாடி நீங்க வித்த வீடு. இவரு என் வீட்டுக்காரர். இவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். வாயைத் திறக்க இவ்வளவு நேரமா? என் கிளினிக்ல நாலு வயசுக் குழந்தைங்க இதைவிடச் சீக்கிரம் திறக்கும்.”

“நீ... ஒரு பொண்ணோட உயிரை வச்சு...”

டாக்டர் பால்கனிக்கு நடந்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, காலை ஓங்கித் தரையை மிதித்தாள். ஒரு முறை. இரண்டு முறை. தூசு கூட உதிரவில்லை.

“பாலம் கட்டறவங்களைக் கூட்டிட்டு வந்து கட்டினது. பதினாறு கம்பி. மேல மட்டும்தான் உங்க பூச்சு.”

உச்சு சுவரிலிருந்து வழிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். “உங்களுக்கு எப்ப மேடம் தெரிஞ்சுது?”

“புருஷன் அடில நாற்காலி போட்டப்ப. இந்தப் பொம்பளை யாரைப் பலி குடுத்தாலும் அவரைக் குடுக்க மாட்டா. அப்புறம் தட்டிப் பாத்தேன். உள்ள பொள்ளலா இருந்தா டொக்குனு கேக்கும். இது கல்லு மாதிரி நின்னுது.” சர்வேயர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து, சாவிக்காரர் கத்தியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். மணி பதினொன்று பத்து என்று அடியில் குறித்தார். “‘குறை ஏதும் தெரியாது’ன்னு வக்கீல் எழுதினாரு. இங்க இத்தனை பேர் கேட்டிருக்கோம். யாரு முதல் சாட்சி?”

மாப்பிள்ளை பால்கனியிலிருந்து உள்ளே வந்தான். நெற்றி வியர்த்திருந்தது. மாமனாரைப் பார்க்கவில்லை. “நான்” என்று பேனாவை வாங்கினான்.

அவனுக்கு அடுத்து ஒரு வெள்ளைக் கை நீண்டது. பவுடர் விரல்களைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். “கம்பி துருன்னு நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கம்மா. உள்ள போனா போறேன்.”

சாவிக்காரர் அந்தத் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கடைசியில் மகளின் பக்கம் திரும்பினார். “அம்மாடி, உன்னைக் காப்பாத்தத்தானே கத்தினேன்?”

மகள் அவருக்கு முதுகைக் காட்டினாள். டாக்டரிடம் பேசினாள்.

“இந்த வீட்டை நிஜமாவே விக்கறீங்களா?”

டாக்டர் முதன்முறையாகத் தடுமாறினாள். “உனக்கு விக்கிற எண்ணம் இல்லைம்மா. இது அவருக்காகப் போட்ட நாடகம். உன்னை இழுத்தது தப்புதான். ஆனா வேற வழி எனக்குத் தெரியலை.”

“நாங்க எடுத்துக்கறோம். நாலு மாசமா வீடு பாக்கறோம். எந்தச் செவுத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான்.”

டாக்டர் கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

“அப்ப கையெழுத்து கீழ ஹால்ல” என்றாள் டாக்டர்.

“அப்பா, நீங்க கிளம்புங்க. கார் எங்களுக்கு வேணும்.”

சாவிக்காரர் படியருகே நின்றார். பெரிய உடம்பு இப்போது அந்த நல்ல சட்டைக்குள் தொளதொளத்தது. “அம்மா கேப்பாளேம்மா, பொண்ணு வீடு எப்படி இருந்துச்சுன்னு. என்ன சொல்றது?”

மகள் கணவனின் வியர்த்த நெற்றியைத் துப்பட்டாவால் துடைத்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“நாப்பத்தொரு செகண்டுனு சொல்லுங்க.”